தொடைக் கொழுப்பும் வயிற்றுக் கொழுப்பும்: மட்டக்களப்பு, அம்பாறைப் பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வாழைச்சேனை தொடங்கிப் பொத்துவில் வரை, எந்த ஊரில் பெண்கள் கூடி உடம்பைப் பற்றிப் பேசினாலும் முதல் கேள்வி நிறையைப் பற்றித்தான் வரும். "நான் எத்தனை கிலோ இருக்க வேணும்?" அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: கொழுப்பு உடம்பில் எங்கே இருக்கிறது? கீழே உள்ளவை அதைச் சுற்றி வரும் கேள்விகள். பெரிய வருத்தம் ஒன்றும் இல்லாமல், தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டு நடமாடும் பெண்களை நினைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன. ஏற்கெனவே சீனிக்கோ பிரஷருக்கோ தைரொயிட்டுக்கோ மருந்து எடுப்பவர்கள், எதையும் மாற்றுவதற்கு முன் உங்கள் டொக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஒரே உயரம், ஒரே நிறை. ஆனாலும் ஒருத்திக்குச் சீனி வருகிறது, மற்றவளுக்கு வருவதில்லை. ஏன்?

இரண்டு பெண்களை வைத்துக்கொள்வோம். இருவருக்கும் உயரம் 155 செ.மீ., நிறை 58 கிலோ. ஒருவருக்கு வயிற்றுச் சுற்றளவு 76 செ.மீ., பிட்டச் சுற்றளவு 100 செ.மீ. மற்றவருக்கு வயிறு 88, பிட்டம் 92. தராசில் ஏறினால் இருவரும் ஒன்றுதான். ஆனால் வருங்காலத்தில் சீனி, இருதய வருத்தம் வரும் வாய்ப்பு இரண்டாமவருக்கே கூட.

இதை முதலில் தெளிவாக எழுதி வைத்தவர் பிரான்சின் மார்செய் நகரத்து மருத்துவர் ழான் வாக். கொழுப்பு மேலுடம்பில் சேர்பவர்களுக்கும் தொடை, பிட்டத்தில் சேர்பவர்களுக்கும் வருகிற நோய்கள் ஒரே மாதிரி இல்லை என்று 1947இல் சொன்னார். அன்று அதைப் பெரிதாக எடுத்தவர்கள் குறைவு. ஸ்கேன் இயந்திரங்கள் வந்து உடம்புக்குள் எட்டிப் பார்க்க முடிந்த பிறகுதான் அவர் சொன்னது எவ்வளவு சரி என்று தெரிந்தது.

வயிற்றில் இருக்கும் கொழுப்பு எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. விரலால் பிடித்தால் பிடிபடுகிறதே, அது தோலுக்குக் கீழே இருக்கும் கொழுப்பு. தொடை, பிட்டம், மேற்கை, வயிற்றின் வெளிப்பகுதி எல்லாவற்றிலும் அது இருக்கும். இன்னொன்று வயிற்றுத் தசைக்கும் உள்ளே, குடலையும் ஈரலையும் சுற்றி இருப்பது. அதைக் கையால் பிடிக்க முடியாது. வயிறு மெத்தென்று இல்லாமல் விறைப்பாக முன்னே தள்ளிக்கொண்டு நின்றால் பெரும்பாலும் இந்த உட்கொழுப்பு கூடியிருக்கும்.

உட்கொழுப்பு ஏன் கெட்ட பெயர் எடுத்தது? அந்த இடத்துக் கொழுப்புக் கலங்கள் அட்ரினலின் (பதற்றத்தில் சுரக்கும் ஹோர்மோன்) வந்ததும் சட்டென்று கொழுப்பை அவிழ்த்து விடும். "வைத்துக்கொள்" என்று இன்சுலின் (இரத்தத்துச் சீனியை இறக்கும் ஹோர்மோன்) சொன்னாலும் அவ்வளவாகக் கேட்காது. அவிழ்ந்த கொழுப்பமிலத்தில் ஒரு பங்கு குடலிலிருந்து வரும் இரத்தக்குழாய் வழியே நேரே ஈரலுக்குப் போகிறது. ஈரலில் கொழுப்பு படிந்தால், சாப்பிடாத நேரத்திலும் அது இரத்தத்துக்குள் சீனியை விட்டுக்கொண்டே இருக்கும். காலையில் வெறும் வயிற்றில் பார்த்த சீனி கூடி நிற்பதற்கு இது ஒரு காரணம்.

கொழுப்பு சும்மா சேமிப்புத்தானே. அதற்கும் ஹோர்மோனுக்கும் என்ன தொடர்பு?

முப்பது நாற்பது வருடத்துக்கு முன் கேட்டிருந்தால் பல டொக்டர்மாரும் சேமிப்பு என்றுதான் சொல்லியிருப்பார்கள். 1994இல் நியூயோர்க்கின் ரொக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு லெப்டின் என்ற ஹோர்மோனின் மரபணுவைக் கண்டுபிடித்தது. கொழுப்புக் கலமே சுரந்து, மூளைக்கு "கையிருப்பு இவ்வளவு இருக்கிறது" என்று சொல்லி அனுப்பும் ஹோர்மோன் அது. அன்றிலிருந்து கொழுப்பை ஒரு சுரப்பியாகவே பார்க்க வேண்டியதாகிவிட்டது.

லெப்டின் கூடுதலாக வருவது தோலுக்குக் கீழே உள்ள கொழுப்பிலிருந்து. பெண்களுக்கு அந்தக் கொழுப்பு இயல்பாகவே அதிகம் என்பதால், அதே பருமன் உள்ள ஆண்களைவிட லெப்டினும் அதிகம். இது நோயல்ல, பெண்ணுடம்பின் அமைப்பு. ஆனால் நிறை கூடக் கூட லெப்டின் எவ்வளவு கூடினாலும் மூளை அதைக் காதில் வாங்காத நிலை ஒன்று வரும். உடம்பில் கையிருப்பு நிறைய இருந்தும் பசி அடங்காதது அதனால்தான். "வாய்க்கட்டுப்பாடு இல்லாதவள்" என்று ஒரு பெண்ணைச் சொல்வதற்கு முன் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு ஹோர்மோன் அடிப்போனெக்டின். அதுவும் கொழுப்பிலிருந்துதான் வருகிறது, ஆனால் போக்கு தலைகீழ்: உட்கொழுப்பு கூடினால் இது குறையும். அடிப்போனெக்டின் நல்ல அளவில் இருந்தால் தசையும் ஈரலும் இன்சுலினின் சொல்லைக் கேட்கும், இரத்தக்குழாய்ச் சுவரும் நன்றாக இருக்கும். பெண்களுக்கு ஆண்களைவிட இது கூடுதல். வயிறு பெருக்கும்போது நாம் முதலில் இழக்கத் தொடங்குவது இந்தப் பாதுகாப்பைத்தான்.

அப்படியென்றால் கொழுப்பே இல்லாமல் இருப்பதுதானே நல்லது?

அதற்கு நேர் எதிரான சாட்சி ஒன்று இருக்கிறது. உடம்பில் கொழுப்புத் திசுவே சரியாக உருவாகாத ஓர் அரிய பிறவி நோய் உண்டு. அந்தப் பிள்ளைகளின் தோலுக்குக் கீழே கொழுப்பே இருக்காது. ஆனால் அவர்களுக்கு மிகக் கடுமையான சீனி வருத்தமும் ஈரலில் கொழுப்பும் வரும். சாப்பிட்ட கொழுப்பை வைக்க முறையான இடம் இல்லாததால் அது ஈரலிலும் தசையிலும் போய் ஒதுங்குகிறது. லெப்டினை மருந்தாகக் கொடுத்தால் அவர்களுக்குக் குணம் தெரிகிறது.

நம்மிடமும் சின்ன அளவில் நடப்பது இதுதான். அறுவடை முடிந்து நெல் வைக்கும் அறை நிறைந்துவிட்டால் மிச்ச மூட்டைகளை விறாந்தையிலும் அடுப்படியிலும் அடுக்குவோமே, அதுபோல. அறை பெரிதாக இருக்கும் வீட்டில் அடுப்படிக்கு மூட்டை வராது.

எனக்குத் தொடையும் பிட்டமும் பெரிசு. எல்லாரும் பகிடி பண்ணுகிறார்கள். அதைக் குறைக்க என்ன செய்வது?

இந்தக் கேள்வியைத் தங்கச்சிமார்தான் கூடக் கேட்பார்கள், அதுவும் கூட்டம் முடிந்த பிறகு தனியே வந்து. அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே: வயிறு அளவாக இருந்தால் அந்தத் தொடையைத் திட்டாதீர்கள்.

பெரியவளான காலத்திலிருந்து ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹோர்மோன் கொழுப்பைத் தொடைக்கும் பிட்டத்துக்கும் அனுப்புகிறது. அங்குள்ள கொழுப்புக் கலங்கள் அட்ரினலினுக்கு எளிதில் இளகாது. எடுத்ததை இறுகப் பிடித்து வைத்திருக்கும். சாப்பிட்டபின் இரத்தத்தில் அலையும் கொழுப்பை உள்ளே இழுத்து ஈரலுக்கும் இருதயத்துக்கும் போகாமல் காப்பது அந்தப் பிடிமானம்தான். ஒரே வயிற்றுச் சுற்றளவு உள்ள பெண்களை ஒப்பிட்டால், தொடையும் பிட்டமும் கொஞ்சம் பெரிதாக உள்ளவர்களுக்குச் சீனியும் இருதய வருத்தமும் வருவது குறைவு என்று பல ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

இதே கொழுப்பு பிள்ளைக்குப் பால் கொடுக்கும் காலத்தில் மட்டும் பிடியைத் தளர்த்தும். தாய்ப்பாலுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாகத் தேவை. அந்தச் செலவில் ஒரு பங்கு தொடையிலிருந்து வருகிறது.

உடம்பின் வடிவத்தில் பரம்பரைக்கும் பெரிய பங்கு உண்டு. உம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் இருந்த தொடைதான் உங்களுக்கும் வரும். பட்டினி கிடந்தால் முகமும் மார்பும் வாடுமே தவிர, தொடை கடைசியில்தான் அசையும்.

நான் மெல்லிசு. வயிறு மட்டும் கொஞ்சம் தள்ளி நிற்கிறது. பயப்பட வேணுமா?

பயப்பட வேண்டாம், ஆனால் அளந்து பாருங்கள். நம் தென்னாசிய உடம்பின் பலவீனம் இங்கேதான் இருக்கிறது.

2004இல் 'லான்செட்' மருத்துவ இதழில் இரண்டு விஞ்ஞானிகளின் படம் பக்கத்தில் பக்கத்தில் வந்தது. ஒருவர் புனேயைச் சேர்ந்த டொக்டர் யாஜ்னிக், மற்றவர் இங்கிலாந்தின் ஜோன் யுட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. (கிலோ நிறையை மீற்றர் உயரத்தால் இரண்டு முறை வகுத்து வரும் எண்) அச்சொட்டாக 22.3. ஆனால் உடம்பின் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். இருவரும் ஆண்கள்தான் என்றாலும் பாடம் நமக்கும் பொருந்தும்: கை கால் மெலிந்து, தசை குறைந்து, கொழுப்பு மட்டும் நடுவில் சேரும் உடல்வாகு நம் பக்கத்தில் சாதாரணம்.

இதனால்தான் நமக்கு எல்லைகள் இறக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. ஐரோப்பியப் பெண்ணுக்குப் பி.எம்.ஐ. 25 வரை சரி என்றால், ஆசியர்களுக்கு 23இலேயே கவனம் தொடங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு சொன்னது. தென்னாசியப் பெண்களுக்கு வயிற்றுச் சுற்றளவின் எல்லை 80 செ.மீ. ஆண்களுக்கு 90.

"அவளுக்கென்ன, ஊசி மாதிரி இருக்கிறாள், சீனியெல்லாம் வராது" என்று சொல்லிச் சொல்லியே சில பெண்கள் இரத்தம் பார்க்காமல் நாற்பது வயதைத் தாண்டிவிடுகிறார்கள். அது எனக்கு உண்மையில் மனவருத்தம் தரும் விஷயம்.

வயிற்றை எப்படி அளப்பது? சாறிப் பாவாடை கட்டும் இடத்திலா?

அங்கே இல்லை. எல்லாரும் முதலில் நாடாவை வைக்கும் இடம் அதுதான். பாவாடை நாடா வருடக்கணக்காக இறுகி இறுகி அந்த இடத்தில் ஒரு பள்ளமே விழுந்திருக்கும். அங்கே அளந்தால் நாலைந்து செ.மீ. குறைவாகக் காட்டும். சந்தோஷமாகத்தான் இருக்கும், ஆனால் உண்மையில்லை.

தையல் நாடா போதும். காலையில் சாப்பிடுவதற்கு முன், மேலுடுப்பை உயர்த்திக்கொண்டு நேரே நில்லுங்கள். விலாவின் கடைசி எலும்பை விரலால் தேடிப் பிடியுங்கள். அப்புறம் இடுப்பெலும்பின் மேல்விளிம்பு. இரண்டுக்கும் நடுவில் நாடாவைச் சுற்றுங்கள். பெரும்பாலானவர்களுக்குத் தொப்புளுக்குக் கொஞ்சம் மேலே வரும். நாடா முதுகுப் பக்கம் சரியாமல் நிலத்துக்குச் சமமாக இருக்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள், அல்லது மகளைப் பிடிக்கச் சொல்லுங்கள். வயிற்றை உள்ளே இழுக்க வேண்டாம். வழக்கமாக மூச்சை வெளியே விட்டு, விட்ட நிலையில் எண்ணைப் படியுங்கள். நாடா தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது.

பிட்டத்தை அதன் மிக அகன்ற இடத்தில் அளக்க வேண்டும். வயிற்று அளவைப் பிட்ட அளவால் வகுத்து 0.85க்கு மேல் வந்தால் பெண்களுக்குக் கூடுதல். இந்தக் கணக்கெல்லாம் தொல்லை என்றால் ஒரு சுலப வழி: வயிற்றுச் சுற்றளவு உங்கள் உயரத்தில் பாதிக்குள் இருக்கட்டும். 152 செ.மீ. உயரம் என்றால் 76. மாதம் ஒருமுறை அளந்தால் போதும், தினமும் வேண்டாம்.

கொழுப்புச் சதவீதம் காட்டும் தராசு கடையில் விற்கிறார்களே, வாங்கலாமா?

அந்தத் தராசு பாதம் வழியே சிறிய மின்சாரம் அனுப்பி ஒரு மதிப்பீடு சொல்கிறது. தண்ணீர் குடித்ததா, கால் ஈரமா என்பதைப் பொறுத்து எண் மாறும். உட்கொழுப்பைச் சரியாகப் பார்க்க சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வேண்டும், அதற்காக மட்டும் யாரும் ஸ்கேன் எடுக்கத் தேவையில்லை. தையல் நாடாவே போதும்.

லெப்டின், அடிப்போனெக்டின் எல்லாம் இரத்தத்தில் பார்க்கலாமா?

ஆராய்ச்சிக்குப் பார்ப்பார்கள். ஆரோக்கியமான ஒரு பெண்ணுக்கு அந்த எண் தெரிவதால் செய்யப்போவது ஒன்றும் மாறாது, காசுதான் வீண். அந்தக் காசுக்கு வெறும் வயிற்றுச் சீனியும் கொழுப்பு ரிப்போர்ட்டும் எடுங்கள்.

பார்க்க வேண்டியவை ஐந்து. வயிறு 80 செ.மீ. அல்லது மேல், வெறும் வயிற்றுச் சீனி 100 அல்லது மேல், பிரஷர் 130க்கு 85 அல்லது மேல், இரத்தத்தில் ஓடும் கொழுப்பான டிரைகிளிசரைட் 150 அல்லது மேல், நல்ல கொலஸ்ட்ரோல் என்று சொல்லும் எச்.டி.எல். 50க்குக் கீழ். இவற்றில் எந்த மூன்று சேர்ந்தாலும், உடம்பில் ஒரு வருத்தமும் தெரியாவிட்டாலும், உள்ளே இன்சுலின் திணறத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். ரிப்போர்ட்டில் டிரைகிளிசரைட் கூடி எச்.டி.எல். குறைந்திருப்பது நம் பெண்களிடம் அடிக்கடி காணும் சோடி. மொத்தக் கொலஸ்ட்ரோல் மட்டும் பார்த்து "நோர்மல்" என்று மடித்து வைத்துவிடாதீர்கள்.

35 வயதானவர்கள் உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் சுகவனிதையர் கிளினிக் எந்த நாளில் நடக்கிறது என்று மிட்வைஃபிடம் கேளுங்கள். பிரஷரும் சீனியும் அங்கே காசில்லாமல் பார்ப்பார்கள். கருப்பைக் கழுத்துப் பரிசோதனையும் சேர்த்துச் செய்துகொள்ளலாம்.

சோற்றை நிறுத்தினால் வயிறு வற்றுமா?

நெல் விளைகிற மாவட்டத்தில் இருந்துகொண்டு சோற்றை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வராது, தேவையும் இல்லை. பார்க்க வேண்டியது கோப்பையில் எது எவ்வளவு என்பது. பல வீடுகளில் சோறு மலையாக இருக்கும், நடுவில் குழி தோண்டிக் குழம்பு, ஓரத்தில் ஒரு துண்டு மீன். அதில் சோறு பாதியாகி, முருங்கையிலைச் சுண்டலோ வல்லாரையோ கோப்பையின் பாதிக்கு வந்து, மீன் இரண்டு துண்டானால் அதே பகல் சாப்பாடு இன்சுலினுக்கு வேறு சாப்பாடு. தீட்டாத சிவப்பரிசி, குரக்கன் புட்டு கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் குரக்கன் என்பதற்காக மூன்று நீத்துப் புட்டும் சீனியும் வாழைப்பழமும் என்றால் கணக்கு திரும்பவும் பிழைக்கும்.

உண்மையான வில்லன் பல வீடுகளில் தேத்தண்ணிதான். ஒரு நாளைக்கு ஐந்து தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் பத்துக் கரண்டி, ஏறத்தாழ 45 கிராம். நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது, எப்படியும் 50 கிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. தேத்தண்ணியிலேயே எல்லைக்குப் பக்கத்தில் போய்விட்டோம். பிஸ்கட்டும் சோடாவும் இன்னும் எண்ணவில்லை. ஒவ்வொரு வாரமும் அரைக் கரண்டி குறைத்தால் நாக்கு பழகிவிடும்.

மட்டக்களப்பு எருமைத் தயிரைப் பற்றியும் கேட்பார்கள். எருமைப்பாலில் கொழுப்பு 7 சதவீதத்துக்குக் கிட்ட இருக்கும், பசுப்பாலைவிட நன்றாகக் கூட. அளவோடு சாப்பிட்டால் தயிர் நல்ல சாப்பாடு, புரதமும் கல்சியமும் உண்டு. தயிர்மேல் கொட்டும் சீனியும் பாணியும்தான் இடைஞ்சல். தேன் ஊற்றினால் பரவாயில்லை என்று நினைப்பதும் சரியில்லை. உடம்புக்குத் தேனும் பெரும்பாலும் சீனிதான். காலையில் சுடுதண்ணியில் தேனும் தேசிக்காயும் கலந்து குடித்தால் கொழுப்பு கரையாது.

இரவு நித்திரை குறைந்தால் அடுத்த நாள் பசி கூடுகிறதே, அது மனப்பிரமையா?

பிரமை இல்லை. இரைப்பை சுரக்கும் கிரெலின் என்ற ஹோர்மோனை 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். வழக்கமாகச் சாப்பிடும் நேரம் நெருங்கும்போது ஏறும், சாப்பிட்டதும் இறங்கும். 2004இல் சிகாகோவில் 12 ஆரோக்கியமான இளம் ஆண்களை இரண்டு இரவுகள் நாலு மணிநேரம் மட்டும் உறங்கவிட்டுப் பார்த்தார்கள். போதிய நித்திரை கொண்ட நாட்களோடு ஒப்பிட்டால் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது, கிரெலின் 28 சதவீதம் கூடியது. அவர்கள் கேட்டதும் இனிப்பும் மாச்சாப்பாடும்தான்.

விடிய நாலு மணிக்கு எழும்பி எல்லாருக்கும் சாப்பாடு கட்டி, கார்மென்ட்ஸ் பஸ்ஸைப் பிடித்து, இரவு பதினொரு மணிக்குக் கடைசியாகப் படுக்கும் பெண்ணிடம் "எட்டு மணிநேரம் தூங்குங்கள்" என்று சொல்வது சுலபம். அந்த வீட்டில் ஆண்களும் வளர்ந்த பிள்ளைகளும் காலை வேலையில் பாதியை எடுத்துக்கொண்டால் அதுவே அவளுக்கு மருந்து.

நோன்பு, விரதம் இருந்தால் கொழுப்புக் குறையுமா?

நோன்பு ஒரு வணக்கம், அதை நிறைக்காக யாரும் பிடிப்பதில்லை. ஆனால் காத்தான்குடி, சம்மாந்துறைப் பக்கத்துச் சகோதரிகள் கேட்பதால் சொல்கிறேன். பகல் முழுக்க இன்சுலின் தாழ்ந்திருப்பதால் உடம்பு கொழுப்பை எடுத்து எரிக்கிறது. இரண்டு மூன்று பேரீச்சம்பழம், தண்ணீர், நோன்புக் கஞ்சியோடு திறந்து, தொழுதுவிட்டு அளவான சாப்பாட்டுக்கு வந்தால் அந்த நன்மை தங்கும். சர்பத்தும் சமோசாவும் ரோல்ஸும் ஒரே இருப்பில் போனால் றமழான் முடிய நிறை கூடித்தான் நிற்கும். ஸஹருக்கு முட்டையோ பருப்போ மீனோ இருந்தால் பசி தாங்கும்.

வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக் காலத்தில் விரதம் இருப்பவர்களுக்கும் இதேதான்: ஒருநேரச் சாப்பாடு என்று மூன்று நேரச் சோற்றை ஒன்றாகப் போட்டால் இன்சுலின் ஒரே பாய்ச்சலில் ஏறும்.

மாதவிடாய்க்கு முந்தின வாரம் நிறை ஏறுகிறது. கொழுப்பா?

பெரும்பாலும் தண்ணீர். ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்கும். அந்த வாரத்தில் புரொஜெஸ்ட்ரோன் கூடியிருப்பதால் பசியும் கொஞ்சம் கூடும், இனிப்பில் ஆசை வரும். அந்த நாட்களில் தராசிலும் ஏற வேண்டாம், நாடாவையும் எடுக்க வேண்டாம்.

பிள்ளை பெற்ற பிறகு வயிறு இறங்கவில்லை. துணியால் இறுக்கிக் கட்டினால் சரிவருமா?

கட்டுவதால் நாரிக்கு ஒரு தாங்கல் கிடைக்கும், நடக்கச் சுகமாக இருக்கும். கொழுப்பு அதனால் இடம் மாறாது. மூச்சு முட்ட இறுக்க வேண்டாம். பிள்ளை சுமந்ததில் வயிற்றுத் தசை நடுவால் விலகியிருந்தால் கொழுப்பு இல்லாமலே வயிறு தள்ளி நிற்கும்; அதற்குச் சரியான பயிற்சி உண்டு, கிளினிக்கில் கேளுங்கள். பத்தியச் சாப்பாட்டில் மீனும் உள்ளியும் மிளகும் நல்லவை, ஆனால் நாற்பது நாளும் அசையாமல் இருப்பதுதான் வயிற்றுக்குக் கூடாது.

இதில் ஒரு விஷயத்தை மட்டும் அடித்துச் சொல்வேன். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது சீனி கூடியிருந்தது, பெற்றதும் சரியாகிவிட்டது என்றால், அத்தோடு மறந்துவிடாதீர்கள். பின்னாளில் சீனி வருத்தம் வரும் வாய்ப்பு அவர்களுக்குப் பல மடங்கு அதிகம். பெற்ற ஆறு வாரத்தில் ஒரு பரிசோதனை, பிறகு வருடா வருடம். தாய்ப்பால் கொடுப்பது பிள்ளைக்கு மட்டுமல்ல, தாயின் இன்சுலினுக்கும் நல்லது.

குடும்பக் கட்டுப்பாட்டு ஊசி போட்டால் உடம்பு வைக்குமா?

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியால் சிலருக்கு நிறை கூடுவது உண்மை. எல்லாருக்கும் அல்ல. முதல் ஆறு மாதத்தில் வேகமாகக் கூடினால் மிட்வைஃபிடம் சொல்லி வேறு முறைக்கு மாறலாம். குளிசையால் பெரிதாக நிறை கூடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. யாரிடமும் கேட்காமல் இடையில் நிறுத்துவதுதான் ஆபத்து.

ஐம்பதைத் தொட்டதும் சாப்பாடு அதேதான், வயிறு மட்டும் வைக்கிறது. ஏன்?

மாதவிடாய் நிற்கும் காலத்தில் சூலகம் ஈஸ்ட்ரஜனைக் குறைத்துவிடுகிறது. கொழுப்பைத் தொடைக்கு அனுப்பிக்கொண்டிருந்த கை அதுதான். அது விலகியதும் புதிதாகச் சேருவது ஆண்களைப் போல வயிற்றுக்குள் போகிறது. தராசில் நிறை மாறாமலே பாவாடை நாடா எட்டாமல் போகும். இதே வயதில் தசையும் குறைகிறது. தசைதான் சாப்பிட்டபின் இரத்தத்துச் சீனியைக் கூடுதலாக இழுத்துக்கொள்ளும் இடம். அதனால் அதே சோறு முன்னைவிடக் கூடச் சீனியாக நிற்கிறது.

இந்த வயதில் அக்காமார் பலர் "இனி நமக்கென்ன" என்று வேலைகளை மருமகளிடம் விட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். சரியாக அந்த நேரத்தில்தான் உடம்பை அசைக்க வேண்டும். ஒவ்வொரு சாப்பாட்டிலும் மீன், முட்டை, பருப்பு, கடலை என்று ஏதாவது ஒரு புரதம் இருக்கட்டும்.

வயிற்றுக் கொழுப்பை மட்டும் கரைக்க என்ன உடற்பயிற்சி?

ஓர் இடத்தை மட்டும் குறிவைத்துக் கொழுப்பைக் கரைக்கும் பயிற்சி கிடையாது. படுத்து எழும்பும் பயிற்சி நூறு செய்தாலும் தசைதான் உறுதியாகும். ஆனால் நல்ல செய்தி ஒன்று உண்டு: மொத்தமாக நடக்கத் தொடங்கினால் முதலில் வேகமாகக் குறைவது உட்கொழுப்பு. நிறை ஒரு கிலோகூட இறங்காமல் வயிறு மட்டும் இரண்டு மூன்று செ.மீ. இறங்குவது உண்டு. தராசைப் பார்த்து மனம் உடைந்து பாதியில் விடுபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வாரத்துக்கு 150 நிமிடம், பேசிக்கொண்டு நடக்கலாம், பாட முடியாது என்ற வேகம். மட்டக்களப்பு நகரத்தில் இருப்பவர்களுக்குக் காந்தி பூங்காவும் வாவிக்கரையும் கல்லடிக் கடற்கரையும் இருக்கின்றன. எல்லா ஊரிலும் பெண்கள் தனியே நடக்க அந்த வசதி இல்லை. நாலைந்து பேர் சேர்ந்து சுபஹுக்குப் பிறகு நடக்கும் இடங்கள் உண்டு. அதுவும் இயலாதவர்கள் சாப்பிட்டதும் வளவுக்குள் பத்து நிமிடம் நடந்தாலே சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சீனி குறையும். வாரத்தில் இரண்டு நாள் தசைக்கும் வேலை கொடுங்கள்: கதிரையில் கைபிடிக்காமல் உட்கார்ந்து எழும்புவது, தண்ணீர் நிரப்பிய போத்தல்களைத் தூக்கி இறக்குவது. தையல் மெஷினில் நாள் முழுக்க இருப்பவர்கள் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நின்றாலே வித்தியாசம் தெரியும்.

வயல் வேலைக்குப் போகும் பெண்கள் "எங்களுக்கு எதற்கு நடை?" என்று கேட்பார்கள். வேலை உள்ள மாதங்களில் தேவையில்லைதான். விதைப்புக்கும் வெட்டுக்கும் இடைப்பட்ட சும்மா இருக்கும் மாதங்களில் அதே அளவு சோறு தொடர்கிறதா என்று பாருங்கள்.

மனக்கவலைக்கும் வயிற்றுக்கும் தொடர்பு இருக்கிறதா?

இருக்கிறது. நீண்ட நாள் கவலையில் கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோன் கூடி நிற்கும். உட்கொழுப்பில் அதைப் பிடிக்கும் வாங்கிகள் அதிகம் என்பதால் சேர்வதும் அங்கேதான் கூட. கடனும் கணவனின் குடியும் தின்னும் ஒரு பெண்ணுக்குச் சாப்பாட்டு அட்டவணை மட்டும் கொடுத்து அனுப்புவதில் பயனில்லை. அவளுக்கு முதலில் பேச ஓர் ஆள் வேண்டும்.

பட்டினி கிடந்து நன்றாக மெலிந்துவிட்டேன். மூன்று மாதமாக மாதவிடாய் வரவில்லை. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விடக் கூடாது. கர்ப்பம் இல்லை என்று முதலில் உறுதி செய்யுங்கள். அப்புறம் இதை யோசியுங்கள்: சாப்பாடு குறைந்து கொழுப்பும் குறைந்தால் லெப்டின் விழுகிறது. "பிள்ளை சுமக்கக் கையிருப்பு இல்லை" என்று மூளை முடிவெடுத்து சூலகத்துக்குப் போகும் செய்தியை நிறுத்துகிறது. ஈஸ்ட்ரஜன் குறைகிறது, எலும்பு தேயத் தொடங்குகிறது. கலியாணத்துக்கு முன் மெலிய வேண்டும் என்று பாணும் பிளேன்டீயுமாக நாட்களை ஓட்டும் பிள்ளைகளின் தாய்மார் இதைக் கவனிக்க வேண்டும்.

எந்த அறிகுறி கண்டால் அளவு நாடாவை வைத்துவிட்டு டொக்டரிடம் போக வேணும்?

கழுத்தின் பின்புறமும் கமக்கட்டும் தடித்துக் கறுத்து, தேய்த்தும் போகாமல் இருந்தால். அது அழுக்கு இல்லை, இன்சுலின் மிகையாகச் சுரப்பதன் அடையாளமாக இருக்கலாம். பிள்ளைகளைத் தேய்த்துத் தேய்த்துக் காயப்படுத்தாதீர்கள். மாதவிடாய் தள்ளித் தள்ளி வந்து முகத்தில் முடியும் பருவும் கூடினால் சூலக நீர்க்கட்டிப் பிரச்சினையா என்று பார்க்க வேண்டும். குளிர் தாங்காமல், சோர்வும் மலச்சிக்கலும் சேர்ந்து நிறை ஏறினால் தைரொயிட். முகம் வட்டமாகி, கை கால் மெலிந்து, வயிற்றில் ஊதா நிறக் கோடுகள் விழுந்தால் கோர்ட்டிசோல் மிகையாக இருக்கலாம். மூட்டு வலிக்கோ இழுப்புக்கோ என்னவென்று தெரியாத குளிசை நீண்ட நாள் எடுத்திருந்தால் அந்தப் பக்கற்றையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். சாப்பாடு குறையாமலே நிறை இறங்கி, தாகமும் சிறுநீரும் கூடினால் அன்றைக்கே சீனி பாருங்கள்.